வாஷிங்டன் வீட்டு லண்டன் பற்று: 1759 முதல் 1775 வரையிலான கடிதங்களை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கணவர் இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வயது 26. கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். உயில் எழுதாமலே போய்விட்ட மனிதர் விட்டுச்சென்றது சுமார் 17,500 ஏக்கர் நிலம், ஏறக்குறைய 300 அடிமைகள், அப்புறம் கடல் தாண்டி லண்டனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பற்று வரவுக் கணக்கு. 1757 ஆகஸ்ட் 20 அன்று வர்ஜீனியாவிலிருந்து மார்த்தா கஸ்டிஸ் என்ற அந்தப் பெண் லண்டனில் இருந்த ராபர்ட் கேரி அண்ட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். கணவரை இழந்த துயரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இனி அவருடைய சொத்தையும் எல்லா விவகாரங்களையும் நானே பார்க்கிறேன், அவர் உங்களோடு வைத்திருந்த தொடர்பை நானும் தொடர விரும்புகிறேன் என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார். அவருடைய கல்லறைக்கான கல்லையும் லண்டனிலிருந்துதான் வரவழைக்கச் சொன்னார்: நீடித்து நிற்கும் பளிங்கு, சுமார் 100 பவுண்டுக்குள்.

இந்தக் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கு மார்த்தா கல்நெஞ்சக்காரியாகத்தான் தெரிந்தார். பிறகு அந்தக் காலத்து வர்ஜீனியப் பண்ணையார்களின் கடிதங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோதுதான் புரிந்தது, அங்கே துக்கத்துக்கு ஒரு தாள், வியாபாரத்துக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகக் கிடையாது. இரண்டும் ஒரே தாளில்தான் வரும், பல நேரம் ஒரே பத்தியில். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கணக்கை. மார்த்தா கையில் இருந்து, 1759 ஜனவரி 6 அன்று அவரை மணந்த ஜார்ஜ் வாஷிங்டன் கைக்குப் போய், கடன் முற்றி, கடைசியில் ஒரு சாவால் தீர்ந்த கணக்கு. அரசியல் தலைவர் வாஷிங்டனைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு வேண்டியது சரக்குப் பட்டியல் எழுதிய வாஷிங்டன்.

முதலில் ஏற்பாடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கமிஷன் மண்டியைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பண்ணையார் புகையிலையை ஹாக்ஸ்ஹெட் என்ற பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் சுமார் 1,000 பவுண்டு எடை வரும்படி இறுக்கி, ஆற்றங்கரையிலேயே கப்பலில் ஏற்றிவிடுவார். லண்டனில் மண்டிக்காரர் அதை விற்று, கப்பல் கூலி, சுங்கம், கிடங்கு, சுமைகூலி, தன் கமிஷன் எல்லாம் கழித்து மீதியைப் பண்ணையார் பெயரில் வரவு வைப்பார். பண்ணையார் பெரும்பாலும் அதைப் பணமாகக் கேட்பதில்லை, பட்டியல் அனுப்புவார். துணி, செருப்பு, மருந்து, ஆணி, மதுபானம், பொம்மை என்று எது வேண்டுமோ அதை மண்டிக்காரரே லண்டன் கடைகளில் வாங்கிக் கப்பலேற்றுவார். இன்னொருவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் மண்டிக்காரர் பெயரில் உண்டியல், அதாவது என் கணக்கிலிருந்து இவருக்குக் கொடுக்கவும் என்ற சீட்டு, எழுதிக் கொடுத்துவிடலாம். ஆக, விற்பவரும் அவரே, வாங்கித்தருபவரும் அவரே, வங்கியும் அவரே. கடிதம் போய்ச் சேர இரண்டு மூன்று மாதம், சரக்கு வர அதற்கு மேலும். கப்பல் மூழ்கிவிடலாம் என்பதால் ஒரே கடிதத்தை நகலெடுத்து வேறு வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கமும் இருந்தது. தவறான அளவில் ஒரு செருப்பு வந்தால் திருத்திச் சரியானது வர ஒரு வருடம் ஆகும். விலையை லண்டன்தான் சொல்லும். புகையிலைக்கும் அவர்கள் சொல்வதுதான் விலை, பூட்ஸுக்கும் அவர்கள் சொல்வதுதான் விலை.

1759 மே 1. வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் கேரிக்கு எழுதுகிறார். திருமணம் நடந்ததற்குப் பாதிரியாரின் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன், இனி மறைந்த டேனியல் பார்க் கஸ்டிஸின் விவகாரங்கள் பற்றிய கடிதங்களை எனக்கே எழுதவும் என்கிறார். திருமணச் செய்தி மண்டிக்காரருக்குப் போவது வாழ்த்து வாங்குவதற்காக அல்ல, கணக்கில் பெயர் மாற்றுவதற்காக. இரண்டு வருடம் தன் பெயரில் கடிதம் எழுதிக் கணக்கை நடத்திய பெண் அந்த ஒரு வாக்கியத்தோடு கணக்கிலிருந்து மறைந்துபோகிறார். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இந்தக் கோப்பிலேயே மிகவும் உறுத்தும் இடங்களில் இது ஒன்று.

அதே கடிதத்தோடு போன பட்டியலில் முதல் ஆடம்பரம் ஒரு கட்டில். ஏழரை அடி உயரத்தில் மேற்கட்டி வைத்தது, நீலம் அல்லது நீலமும் வெள்ளையும் கலந்த திரைகள், அதற்குப் பொருத்தமாக சன்னல் திரை, நாற்காலி உறை எல்லாம். அறை முழுவதும் ஒரே மாதிரி அழகாக இருக்க வேண்டுமாம். புது மாப்பிள்ளை! கூடவே வேளாண்மை பற்றி வந்திருக்கும் மிகப் புதிய, நல்ல பெயர் எடுத்த புத்தகம் ஒன்று வேண்டும் என்கிறார், அத்தோடு விவசாயத்தில் சீக்கிரம் பணக்காரராவது எப்படி என்று தலைப்பிலேயே சொல்லும் ஒரு சின்னப் புத்தகமும். ஐந்து வருடத்தில் கணக்கு எங்கே போய் நிற்கப் போகிறது என்று தெரிந்த நமக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருக்காது.

கணக்கு உண்மையில் ஒன்று அல்ல, மூன்று. வாஷிங்டன் பெயரில் ஒன்று, மார்த்தாவின் மகன் ஜாக்கி பெயரில் ஒன்று, மகள் பாட்ஸி பெயரில் ஒன்று. குழந்தைகளின் சொத்துக்கு வாஷிங்டன் பாதுகாவலர், ஆண்டுதோறும் அவர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் நாலு வயதுப் பெண்ணுக்கு வந்த நாகரிக உடை போட்ட பொம்மை கூட 10 ஷில்லிங் என்று எழுதப்பட்டு அவள் கணக்கில் ஏறியது. இந்த மூன்று கணக்கு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1760 செப்டம்பர் 28 அன்று எரிச்சல் வெளியே வருகிறது. நாங்கள் நல்லதும் நவீனமுமான பொருளைக் கேட்டால், எங்கள் முன்னோர்கள் அந்தக் காலத்தில் பயன்படுத்தியிருக்கக்கூடிய சாமான்கள்தான் பல நேரம் வருகின்றன என்று கேரிக்கு எழுதுகிறார். சரக்கு ஏற்றுமதிக்கு என்று தெரிந்தால் போதும், லண்டன் கடைக்காரர்கள் பழையதையும் மட்டமானதையும் தலையில் கட்டிவிட்டு விலையில் 10, 15, ஏன் 20 சதவீதம் வரை கூட்டிவைக்கிறார்கள் என்று சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறார். மறுவருடம் அதற்கு ஒரு தந்திரமும் கண்டுபிடிக்கிறார். ஐந்து வயது பாட்ஸிக்கு ஸ்பினெட் என்ற விசைப்பலகை இசைக்கருவி வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் கைவினைஞர் செய்ய வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டவர், கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறார்: திரு. கேரி இதைத் தனக்கென்றோ நண்பருக்கென்றோ சொல்லி ஆர்டர் கொடுக்க வேண்டும், கடல் கடந்து போகப்போகிறது என்று தெரியக்கூடாது. ஒரு பெரும் நிலக்காரர், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் படை நடத்திய கர்னல், சட்டமன்ற உறுப்பினர், தான் யார் என்று சொன்னால் ஏமாற்றிவிடுவார்கள் என்று ஒளிந்துகொண்டு பொருள் வாங்க வேண்டிய நிலைமை. அவருடைய பிற்கால அரசியல் கோபத்துக்கு வேர் தேடுகிறவர்கள் வரிச் சட்டங்களுக்குப் போவதற்கு முன் இந்த ஸ்பினெட்டில் கொஞ்சம் நிற்கலாம் என்று நினைக்கிறேன்.

உடை விஷயம் இன்னும் வேடிக்கை. 1763-இல் லண்டன் தையல்காரர் ஒருவருக்கு எழுதும்போது அளவு அனுப்பாமலே ஒரு சூட் கேட்கிறார். இங்கே அளவெடுப்பவர்கள் அவ்வளவு மோசம், அனுப்பியும் பயனில்லை, அதனால் நன்றாக உடுத்தும் ஒரு கனவானைப் பிடித்து அவர் அளவில் தையுங்கள், ஆள் ஆறடி உயரம், உயரத்துக்குத் தகுந்த உடம்பு, பருமன் என்பதைவிட ஒல்லி என்றே சொல்லலாம், கையும் தொடையும் கொஞ்சம் நீளம் என்று விவரிக்கிறார். இப்படித் தைத்து வந்த உடை எப்படிப் பொருந்தியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கடன் எப்படி ஏறியது? இதற்கு அவரே சொன்ன சாட்சி ஒன்று இருக்கிறது, அதுவும் மண்டிக்காரரிடம் சொன்னது அல்ல. 1763 ஏப்ரலில் பழைய படைத் தோழர் ராபர்ட் ஸ்டூவர்ட் 400 பவுண்டு கடன் கேட்கிறார். வாஷிங்டன் மறுக்க மனமில்லாமல் விளக்குகிறார்: போரிலிருந்து திரும்பியபோது பண்ணை கிடந்த நிலையில் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, கட்டடம், நிலம், மற்றவை எல்லாமாகச் சேர்ந்து, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரிவதற்குள் கல்யாணத்தில் வந்த பணம் முழுவதையும் விழுங்கி, அதற்கு மேலும் கடனில் தள்ளிவிட்டன. நண்பரிடம் இந்த அளவு வெளிப்படையாகப் பேசியவர், ஒன்றேகால் வருடம் கழித்து கேரி நிலுவையைச் சுட்டிக்காட்டியபோது வேறு குரலில் பேசுகிறார். நிலுவை சுமார் 1,800 பவுண்டு ஸ்டெர்லிங். 1764 ஆகஸ்ட் 10 கடிதத்தில் இதற்குக் காரணம் துரதிருஷ்டமே தவிர என் நடத்தைக் கோளாறு அல்ல என்கிறார், விளைச்சல் பொய்த்தது, எனக்குத் தர வேண்டியவர்கள் தரவில்லை என்கிறார். சுதந்திரமான மனதுக்குக் கடனில் மாட்டிக்கொள்வது எரிச்சலான விஷயம் என்றும் எழுதுகிறார். இத்தனை காலம் மாறாமல் உங்களோடு இருந்த வாடிக்கையாளருக்கு, சீக்கிரம் பணம் கட்ட வேண்டிய நிலை தெரிந்த அந்த நிமிடமே நினைவூட்டல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற மனத்தாங்கலும் அதில் இருக்கிறது. கடன் வாங்கியவர் கோபித்துக்கொள்கிறார். இந்தக் குரலைக் கேட்காத மண்டிக்காரர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார்.

யார் பக்கம் நியாயம்? என் கணக்கில் இரண்டு பக்கமும் பாதி பாதி. போட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த மவுண்ட் வெர்னன் என்ற வாஷிங்டனின் சொந்தப் பண்ணை மண்ணில் விளைந்த புகையிலை, மார்த்தா வழியில் வந்த யார்க் ஆற்றுப் பண்ணைகளின் புகையிலைக்கு ஈடாகவில்லை, அதைக் கேரி எவ்வளவு முயன்றாலும் மாற்றியிருக்க முடியாது. மறுபக்கம், என் அண்டை வீட்டாருக்குக் கிடைத்த விலை எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வாஷிங்டன் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று, விலை விழுந்த வருடங்களிலும் பட்டியல் சுருங்கவில்லை. கடன் தீராமல் இருந்த 1768 ஜூனில் புது குதிரை வண்டி வேண்டும் என்று எழுதுகிறார், பழையது தன் ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டதாம். நிறம் பச்சையாக இருக்கட்டும், பச்சை சீக்கிரம் மங்காது, கண்ணுக்கும் இதமாக இருக்கும், ஆனால் வேறு நிறம் இப்போது நாகரிகத்தில் இருந்தால் அதுவே ஆகட்டும் என்கிறார். பண்ணையார் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட பொருள்தான் அந்தஸ்து, அந்தஸ்து இருந்தால்தான் கடன் கிடைக்கும், அதையும் பார்க்க வேண்டும். இருந்தாலும் வண்டி வண்டிதான்.

1765 செப்டம்பர் 20 அன்று அவர் மேசையில் என்ன நடந்தது என்பது இந்தக் கோப்பில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு. அன்று அவர் கேரிக்குப் புகையிலை விலை பற்றி நீண்ட குறை எழுதுகிறார். அதே நாளில் லண்டனில் இருந்த மார்த்தாவின் சித்தப்பா பிரான்சிஸ் டான்ட்ரிட்ஜுக்கும் எழுதுகிறார், உங்கள் அண்ணன் மகளைக் கல்யாணம் செய்து ஆறு வருடமாக ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்கும் உறவுக் கடிதம். இரண்டிலும் முத்திரைச் சட்டம் (காலனிகளின் நீதிமன்றத் தாள்கள், பத்திரங்கள் போன்றவற்றுக்கு பிரிட்டன் போட்ட வரி) பற்றிய பத்தி கிட்டத்தட்ட அதே சொற்களில் வருகிறது. நமக்கு வேண்டிய அத்தியாவசியம் பெரும்பாலும் இங்கேயே கிடைக்கும், ஆடம்பரங்கள் இல்லாமல் இருந்துவிட முடியும் என்று மக்கள் உணரத் தொடங்குவார்கள் என்கிறார். அடுத்து வருவதுதான் கூர்மை: இந்தச் சட்டத்தால் நீதிமன்றங்கள் நின்றுபோனால், காலனிகளோடு வியாபாரம் செய்யும் பிரிட்டிஷ் வணிகர்கள்தான் சட்டத்தை நீக்கச் சொல்லி முந்திக்கொண்டு நிற்பார்கள். நீதிமன்றம் இல்லையென்றால் கடன் வசூல் இல்லை. 1,800 பவுண்டு பாக்கி வைத்திருப்பவர் கடன் கொடுத்தவருக்கே இதை எழுதுகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். மாமனார் வழி உறவுக்கு அது அரசியல் கருத்து. கேரிக்குப் போனபோது அதே பத்தி மிரட்டலாகவும் படிக்கக் கிடைத்திருக்கும்.

அவர் வெறும் பேச்சோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1766-க்குள் மவுண்ட் வெர்னனில் புகையிலையை நிறுத்திக் கோதுமைக்கு மாறிவிட்டார். கோதுமையை லண்டனுக்கு அனுப்பத் தேவையில்லை, அலெக்சாண்ட்ரியாவிலேயே வாங்க ஆள் இருந்தது. போட்டோமாக்கில் வலை போட்டு ஹெரிங் மீன் பிடித்து உப்பிட்டு விற்றார், பெரிய மாவாலை கட்டினார். அவர் வெளியூரில் இருக்கும்போது தூரத்து உறவினர் லண்ட் வாஷிங்டன் 1765-லிருந்து 20 வருடம் பண்ணையைப் பார்த்துக்கொண்டு கடிதத்தில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் உறவு பாதி, சம்பளம் பாதி.

அதே 1766-இல், ஜூலை 2 அன்று எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தாம்சன் என்ற கப்பல் தலைவருக்கு. டாம் என்ற அடிமையை உங்களோடு அனுப்புகிறேன், மேற்கிந்தியத் தீவுகளில் எங்கே விலை கிடைக்கிறதோ அங்கே விற்றுவிடுங்கள். ஆள் போக்கிரி, ஓடிப்போகிறவன், ஆனால் நல்ல ஆரோக்கியம், வலு, மண்வெட்டி வேலையில் கெட்டிக்காரன். கடலுக்குள் போகும்வரை கையில் விலங்கு போட்டு வையுங்கள். விற்ற பணத்துக்கு வாங்கிவர வேண்டியவை: ஒரு பீப்பாய் சர்க்கரைப்பாகு, ஒரு பீப்பாய் நல்ல ரம், மலிவாகவும் நன்றாகவும் இருந்தால் ஒரு பீப்பாய் எலுமிச்சை, சுமார் 10 பவுண்டு எடையில் ஒரு பானைப் புளி, இரண்டு சின்னப் பானை இனிப்பு, மீதிக்கு நல்ல பழைய சாராயம். நம் வீட்டுப் பட்டியலில் இருக்கும் புளி ஒரு மனிதனின் விலைக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த இடத்தில் நான் கோப்பை மூடி வைத்துவிட்டேன், அன்று மேலே படிக்க முடியவில்லை. கட்டிலும் பொம்மையும் ஸ்பினெட்டும் எழுதிய அதே பேனா, அதே மரியாதையான நடை. இந்தக் குடும்பங்களின் கடிதங்களை அன்பான, நகைச்சுவையான, நல்ல நடையுள்ள கடிதங்கள் என்று மட்டும் பாராட்டி எழுதுபவர்கள் இந்தப் பட்டியலையும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கட்டும்.

1769-க்கு வருவோம். ஏப்ரல் 5 அன்று அண்டைப் பண்ணையார் ஜார்ஜ் மேசனுக்கு எழுதிய கடிதத்தில் பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிக்கும் திட்டத்தை வாஷிங்டன் ஆதரிக்கிறார். அரசியல் வாதங்களுக்கு நடுவே ஒரு குடும்ப வாதமும் வருகிறது: செலவாளி மனிதனுக்கும் செலவைக் குறைக்க இது ஒரு நல்ல சாக்கு. தானாகக் குறைத்தால் அவன் நொடித்துவிட்டான் என்று ஊர் பேசும், நாட்டுக்காக என்றால் மானம் காப்பாற்றப்படும். வெளியே மேசனிடம் பொதுவாகப் பேசுகிறார், ஆனால் அந்தச் செலவாளியை அவருக்கு நேரில் தெரியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜூலை 25 அன்று கேரிக்குப் பட்டியல் அனுப்பும்போது, அமெரிக்காவில் வருவாய் திரட்டுவதற்காக நாடாளுமன்றம் வரி போட்ட எந்தப் பொருளும் அனுப்பக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். காகிதம் மட்டும் விலக்கு! இத்தனை கடிதம் எழுதுகிறவர் காகிதம் இல்லாமல் என்ன செய்வார்.

வீட்டுக்குள் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஜாக்கியின் ஆசிரியர் பாதிரியார் ஜோனத்தன் பவுச்சர் 1770 டிசம்பரில் எழுதிய கடிதம் பிரசித்தம்: இவ்வளவு சோம்பேறியான, இவ்வளவு சுகவாசியான பையனை என் வாழ்நாளில் பார்த்ததில்லை, இயற்கை இவனை ஏதோ ஆசிய இளவரசனாகப் படைக்க நினைத்திருக்கும் போல என்கிறார். (ஆசிய இளவரசர்கள் சார்பில் இங்கே ஒரு சின்ன ஆட்சேபம் பதிவு செய்கிறேன்.) அந்தப் பையன் 18 வயதில் எலினர் கால்வர்ட் என்ற பெண்ணோடு கல்யாணம் பேசிவிட்டான். 1773 ஏப்ரல் 3 அன்று பெண்ணின் தந்தை பெனடிக்ட் கால்வர்ட்டுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதத்தில் பெண்ணின் குணத்தைப் பாராட்டிவிட்டு, பையனுக்கு வயது போதாது, படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, அப்புறம் சொத்து விவரம் கொடுக்கிறார்: சுமார் 15,000 ஏக்கர் நிலம், அதில் பெரும்பகுதி வில்லியம்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி, நகரத்துக்குள் சில மனைகள், 200-க்கும் 300-க்கும் இடையில் அடிமைகள், பத்திரக் கடனாகவும் அவனுடைய வணிகர்கள் கையிலுமாக எட்டு முதல் பத்தாயிரம் பவுண்டு. முன்னே சொன்ன மூன்று கணக்கு நினைவிருக்கிறதா? வளர்ப்பு மகன் வணிகர்களிடம் வரவில் இருக்கிறான், வளர்ப்புத் தந்தை பற்றில் இருக்கிறார். சம்பந்தி வீட்டுக்கு அதை எழுதும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று தெரிய வழியில்லை, எழுத்து சீராகத்தான் போகிறது.

பாட்ஸிக்கு வலிப்பு நோய். வைத்தியர்கள் மாறி மாறி வந்தார்கள், விரலில் இரும்பு மோதிரம் போட்டுப் பார்த்தார்கள். 1773 ஜூன் 19, மவுண்ட் வெர்னன். மறுநாள் மார்த்தாவின் தங்கை கணவர் பர்வெல் பாசெட்டுக்கு வாஷிங்டன் எழுதுகிறார்: நான்கு மணி சுமாருக்குச் சாப்பாட்டிலிருந்து எழுந்தாள், கொஞ்ச காலமாக இல்லாத அளவுக்கு உடம்பும் மனமும் நன்றாக இருந்தன, உடனே வழக்கமாக வரும் வலிப்பு வந்தது, இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சொல் இல்லாமல், ஒரு முனகல் இல்லாமல், பெருமூச்சுகூட இல்லாமல் போய்விட்டாள். இந்த எதிர்பாராத அடி என் மனைவியைத் துயரத்தின் அடித்தளத்துக்கே கொண்டுபோய்விட்டது. அவளுக்கு வயது 17. இந்தக் கடிதத்தில் நடிப்பு எதுவும் இல்லை, அவரை அழுத்தமான மனிதர் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான்.

பாட்ஸி பெயரில் இருந்த சொத்து சுமார் 16,000 பவுண்டு. சட்டப்படி பாதி அண்ணன் ஜாக்கிக்கு, பாதி தாய்க்கு. தாய்க்கு என்றால் கணவருக்கு. அதில் பெரும்பகுதி லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து பங்குகளாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் கேரிக்கு எழுதி, பங்கை விற்றுத் தன் நிலுவையை அடைக்க ஏற்பாடு செய்தார். கோதுமையும் ஹெரிங்கும் மாவாலையும் ஏழு வருடமாகச் செய்து முடிக்காததை ஐந்து மாதத்தில் அந்தப் பங்கு செய்துவிட்டது. பொம்மையும் ஸ்பினெட்டும் எந்தப் பெண்ணின் கணக்கில் ஏறியதோ, அந்தக் கணக்குதான் அவரை மீட்டது. வாஷிங்டன் தன் புத்திசாலித்தனத்தால் கடனிலிருந்து வெளியே வந்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு, கோதுமைக் கதை கேட்க நன்றாகவும் இருக்கும். கோதுமை மேலும் கடன் ஏறாமல் தடுத்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் பழைய பாக்கி தீர்ந்தது வேறு வழியில். இதில் அவர் மேல் பழி ஒன்றும் இல்லை, பணத்தை அவர் விரும்பி அடையவும் இல்லை. ஆனால் ஜூன் 20 கடிதத்தையும் நவம்பர் கடிதத்தையும் சேர்த்துப் படிக்காமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

அதே மாதங்களில் இன்னொரு வர்ஜீனியக் குடும்பத்தில் நேர் எதிர்த் திசையில் ஒன்று நடந்தது. 1773 மே 28 அன்று தாமஸ் ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தார். ஜெஃபர்சனுக்குச் சுமார் 11,000 ஏக்கரும் 135 அடிமைகளும் வந்தன, கூடவே வேல்ஸ் பிரிட்டிஷ் வணிகர்களுக்கு வைத்திருந்த கடனும் வந்தது. அது ஜெஃபர்சனை விடவே இல்லை. 1786-இல் அவர் எழுதியபோது, இந்தக் கடன்கள் தந்தையிடமிருந்து மகனுக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கி, பண்ணையார்கள் லண்டன் வணிக நிறுவனங்களோடு இணைக்கப்பட்ட ஒரு வகைச் சொத்தாகவே ஆகிவிட்டார்கள் என்றார். மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர் தன்னைப் பற்றி அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடன்தான் இவர்களைப் புரட்சிக்குத் தள்ளியது என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. வாஷிங்டன் படைத்தலைமை ஏற்றபோது கேரி பாக்கி தீர்ந்திருந்தது, அப்படிப் பார்த்தால் அவர் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் 15 வருடம் ஒரு மண்டிக்காரரின் பதிலுக்காகக் காத்திருந்த பழக்கம் ஒரு மனிதனை எப்படிப் பேசவைக்கும் என்பது கடிதங்களில் தெரிகிறது. தன் பண்ணையில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை, லண்டனில் அவர் ஒரு பெயர், ஒரு பாக்கித் தொகை. பிரிட்டனுக்கு எதிரான போர் தொடங்கிய பிறகு 1775 டிசம்பரில் லண்ட் வாஷிங்டன் பண்ணையிலிருந்து எழுதிய கடிதத்தில், தப்பிக்க முடியும் என்று நம்பினால் இங்கிருக்கும் ஒருவர்கூட நம்மை விட்டுப் போகாமல் இருக்க மாட்டார்கள், சுதந்திரம் இனிப்பானது என்று வருகிறது. அதே சொல்லை முதலாளி வேறு பொருளில் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது.

இந்தக் கோப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வியாபாரக் கடிதங்களை வாஷிங்டன் நகல் ஏட்டில் எழுதிவைத்தார், அதனால்தான் கட்டில் திரையின் நிறம் வரை நமக்குத் தெரிகிறது. மார்த்தாவுக்கும் அவருக்கும் இடையே 40 வருடம் ஓடிய கடிதங்கள் அப்படி மிஞ்சவில்லை, 1799-இல் அவர் இறந்த பிறகு மார்த்தா அவற்றை எரித்துவிட்டார். தப்பியவை ஒரு கைவிரல் எண்ணிக்கைதான். அவற்றில் இரண்டு 1775 ஜூனில் எழுதப்பட்டவை, மார்த்தாவின் எழுத்து மேசைக்குள் கிடந்து பேத்தியின் கையில் கிடைத்தவை. ஜூன் 18 கடிதம் பிலடெல்பியாவிலிருந்து, படைத்தலைமையை ஏற்க வேண்டியதாகிவிட்டது என்று மனைவிக்குச் சொல்லும் கடிதம். இந்தச் செய்தி உனக்குத் தரும் வேதனையை நினைத்து எனக்குச் சொல்ல முடியாத கவலை என்று தொடங்கி, உன்னோடு வீட்டில் ஒரு மாதம் இருப்பதில்தான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி என்று போகிறது. நடுவே, உயிர் நிச்சயமில்லை என்பதால் உயில் எழுதச் செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன் என்கிறார். கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு: இதை எழுதிய பிறகு உன் 15-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது, இருப்பதிலேயே அழகான மஸ்லின் என்று சொன்ன துணியில் உனக்கு இரண்டு உடைக்கு வாங்கியிருக்கிறேன், பிடிக்கும் என்று நம்புகிறேன், ஓர் உடைக்கு 50 ஷில்லிங், அதாவது கெஜம் 20 ஷில்லிங்.